காமா ரேடியோகிராஃபி செய்பவர் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்புக் கடமைகள்

திருச்சியின் கொதிகலன் ஆலையிலும் அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளிலும், அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, குழாய்ப் பாதை என உயர் அழுத்தம் தாங்க வேண்டிய வெல்டிங் இருக்கும் பிற இடங்களிலும், இணைப்பின் உள்ளே விரிசலோ காற்றுக்குழியோ உண்டா என்று அறிய இரிடியம்-192 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு படமெடுக்கிறார்கள். பெரும்பாலும் இரவில், மற்றத் தொழிலாளர்கள் வெளியேறிய பிறகு, இரண்டு மூன்று பேர் மட்டும் இருந்து முடிக்கும் வேலை இது. மேலதிகாரி எவரும் அருகில் இல்லாத அந்த நேரத்தில் பாதுகாப்பு முழுவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. கேமராவை, அதாவது இரிடியத்தை வைத்திருக்கும் கவசப் பெட்டியை, இயக்குபவர், அவருக்கு உதவுபவர், பயிற்சியில் இருப்பவர் ஆகியோர் செய்ய வேண்டியவற்றை வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். நிறுவனத்தின் கடமைகள் தனியானவை. அவை நிறைவேறவில்லை என்பதால் தொழிலாளியின் கடமை குறைந்துவிடாது. தொழிலாளி கவனமாக இருக்கிறார் என்பதால் நிறுவனத்தின் கடமையும் குறைந்துவிடாது.

சோர்ஸின் வலிமையை எண்ணில் அறிந்திருங்கள்

பிக்டெயில் எனப்படும் சிறு கம்பியின் நுனியில், விரல்நுனியை விடச் சிறிய எஃகுக் குப்பிக்குள் இரிடியம் இருக்கிறது; இதைத்தான் சோர்ஸ் என்கிறோம். அது ஒளிர்வதில்லை, மணப்பதில்லை, கையில் எடுத்தால் சுடுவதுமில்லை. ஆனால் 50 கியூரி வலிமையுள்ள புதிய சோர்ஸ் கவசமின்றி வெளியே இருக்கும்போது, 1 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு மணிக்கு ஏறத்தாழ 240 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு சேர்கிறது. இந்தியாவில் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, தொடர்ச்சியான ஐந்தாண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பதும், எந்த ஒரு தனி ஆண்டிலும் அது 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பதும் ஆகும். அப்படியானால் அந்த 1 மீட்டர் தூரத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே ஓராண்டுக்கான சராசரி அளவு முழுவதும் தீர்ந்துவிடும்.

தூரம் இரு மடங்கானால் அளவு நான்கில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகும். 10 மீட்டரில் அதே சோர்ஸ் மணிக்கு 2.4 மில்லிசீவர்ட்டும், 20 மீட்டரில் 0.6 மில்லிசீவர்ட்டும் தருகிறது. இதே கணக்கு எதிர்த்திசையிலும் செல்லும் என்பதைத்தான் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 1 சென்டிமீட்டரில், அதாவது விரல்களுக்கிடையே பிடிக்கும்போது, அளவு 1 மீட்டரில் இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்காகிறது. ஒரு நிமிடத்துக்குச் சுமார் 40 சீவர்ட் (ஒரு சீவர்ட் ஆயிரம் மில்லிசீவர்ட்). ஒரு சில விநாடிகள் பிடித்தாலே தோலும் அதன் கீழுள்ள சதையும் சேதமடைந்துவிடும். ஆனாலும் அந்தக் கணத்தில் வலி எதுவும் தெரியாது. சிவப்பும் கொப்புளமும் பெரும்பாலும் நாள்கள், வாரங்கள் கழித்தே வரும். ஆகவே உடல் எச்சரிக்கும் என்று நம்பி இந்த வேலையைச் செய்யவே முடியாது. எச்சரிப்பவை சர்வே மீட்டர் போன்ற, கதிர்வீச்சை அளக்கும் கருவிகள்தான்.

இரிடியம்-192இன் அரையாயுள் ஏறத்தாழ 74 நாள். ஓராண்டு சென்ற 50 கியூரி சோர்ஸில் ஒன்றரைக் கியூரிக்குச் சற்று மேல் மிஞ்சியிருக்கும். அதை "செத்த சோர்ஸ்" என்று எண்ணி அலட்சியமாகக் கையாள்வது ஆபத்தானது. ஒட்டி வைத்திருந்தால் அதுவும் ஒரு நிமிடத்துக்கு ஒரு சீவர்ட்டுக்கு மேல் கொடுக்கும்.

வேலைக்கு வரும் முன்

1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் 2004இல் வெளியான கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள், உரிமம் பெற்றவர், முதலாளி, ஆர்.எஸ்.ஓ. எனப்படும் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் ஆகியோருக்குச் சொல்வதைப் போலவே தொழிலாளிக்கும் கடமைகளைச் சொல்கின்றன. முன்பு எங்கெங்கே கதிர்வீச்சு வேலை செய்தீர்கள் என்பதை மறைக்காமல் தெரிவிப்பது, கொடுக்கப்பட்ட பாதுகாப்புக் கருவிகளையும் அளவீட்டுக் கருவிகளையும் முறையாகப் பயன்படுத்துவது, தமக்கோ பிறருக்கோ ஊறு விளைவிக்கும் எதையும் தெரிந்தே செய்யாமலிருப்பது, விபத்தையோ விபத்தாக மாறக்கூடிய நிலையையோ கண்டவுடன் தெரிவிப்பது ஆகியவை அவற்றில் முதன்மையானவை. பதினெட்டு வயது நிரம்பாதவரை இந்த வேலையில் அமர்த்தக் கூடாது. வேலையில் சேரும்போதும், பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறையாவதும் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும்.

ரேடியோகிராஃபர் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர், சோர்ஸைக் கேபிள் மூலம் கேமராவிலிருந்து வெளியே தள்ளித் திரும்ப இழுக்கும் கைப்பிடியான கிராங்கைத் தொடக் கூடாது. சான்றிதழ் பெற்றவர் ஒரு மணி நேரம் தேநீர் குடிக்கப் போயிருக்கும்போது உதவியாளர் "இரண்டு படம்தானே" என்று எடுத்துவிடும் வழக்கம் சில தளங்களில் இருக்கிறது. அந்த உதவியாளரிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்று: அந்த இரண்டு படத்தில் சோர்ஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வதென்று உங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. மறுப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

உடல் வாங்கும் கதிர்வீச்சைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜ் உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் வந்திருக்க வேண்டும். அதை மார்பு உயரத்தில் அணிய வேண்டும். அந்த அட்டையில் டிஸ்புரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட் தகடுகள் இருக்கின்றன. அவை வாங்கிக்கொண்ட கதிர்வீச்சைத் தேக்கி வைத்திருந்து, ஆய்வகத்தில் சூடுபடுத்தும்போது ஒளியாக வெளியிடுகின்றன. வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு படிக்கப்படுகிறது. ஆகவே பேட்ஜ் உங்களைக் காப்பாற்றுவதில்லை. நடந்ததை மூன்று மாதம் கழித்துச் சொல்கிறது. அந்த நேரத்திலேயே அறிய, ஒலியெழுப்பும் பாக்கெட் டோசிமீட்டரும் சர்வே மீட்டரும் வேண்டும். பேட்ஜை வண்டியிலோ கேமரா வைக்கும் அறையிலோ விட்டுச் செல்வது, அளவு அதிகமாகிவிட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சிக் கழற்றி வைப்பது, ஒருவருடையதை மற்றவர் அணிவது ஆகிய எல்லாமே கணக்கைப் பொய்யாக்குகின்றன. கழற்றி வைத்த பேட்ஜில் அளவு குறைவாக இருக்கலாம். உடம்பு வாங்கிக்கொண்டது குறையாது.

கருவிகளைச் சோதித்தல்

சோர்ஸ் வைப்பறையிலிருந்து கேமராவை எடுக்கும் முன் முதலில் சோதிக்க வேண்டியது சர்வே மீட்டரை. பேட்டரி நன்றாக இருக்கிறதா, அளவுத்திருத்தச் சான்றின் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். வெட்டவெளியில் அது இயற்கைப் பின்னணி அளவைக் காட்ட வேண்டும். கேமராவின் அருகே கொண்டுசெல்லும்போது முள் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் "இன்று கசிவே இல்லை" என்று பொருளல்ல, மீட்டர் வேலை செய்யவில்லை என்றே பொருள். ஜி.எம். (கைகர்-முல்லர்) வகை மீட்டர்கள் சில, மிகக் கடுமையான கதிர்வீச்சில் திணறிப்போய்ப் பூஜ்யத்தைக் காட்டக்கூடும். ஆகவே மீட்டரை எப்போதும் தொலைவிலேயே இயக்கிவிட்டு, அளவு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நெருங்க வேண்டும். அருகே போய் நின்றபின் இயக்கக் கூடாது.

சோர்ஸ் கவசத்துக்குள் பத்திரமாக இருக்கும் அந்தக் காலை நேரத்திலேயே, கேமராவின் முன்முகத்தில் ஓர் இடத்தையும் பக்கத்தில் ஓர் இடத்தையும் வைத்துக்கொண்டு அளவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். அன்று முழுவதும் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஒப்பிட்டுப் பார்க்கப் போவது இந்த எண்ணோடுதான். இது எழுதப்படாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு மீட்டர் காட்டும் எண் அதிகமா குறைவா என்று சொல்ல எவராலும் முடியாது.

அடுத்தது இணைப்பு. கிராங்க் தள்ளும் டிரைவ் கேபிளின் முனையும் பிக்டெயிலின் முனையும் ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்கின்றன. அந்தச் சிறிய முனை தேய்ந்திருந்தால், மாட்டியது போலத் தெரிந்தாலும் வழியிலேயே கழன்றுவிடும். அப்போது கேபிள் மட்டும் திரும்பி வரும், சோர்ஸ், கேமராவுக்கு வெளியே தான் ஓடும் குழாயான கைடு டியூபிலேயே தங்கிவிடும். தேய்மானத்தை அளக்கும் கேஜை உற்பத்தியாளர் கொடுத்திருப்பார். அதைக் கொண்டு சோதிக்க வேண்டும். கைடு டியூபில் நசுங்கல், மடிப்பு, உள்ளே மணல் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுமானத் தளத்தில் டியூபின் மேல் கிரேன் சக்கரம் ஏறுவதும், மேலிருந்து குழாய் விழுவதும் நடக்கக்கூடியவை. சிறிய நசுங்கல்தானே என்று பயன்படுத்துவதே சோர்ஸ் மாட்டிக்கொள்வதற்கு வழி வகுக்கிறது.

கார்டன் (தடுப்பெல்லை) போடுதல்

கவசமோ, கதிரை வேண்டிய திசையில் மட்டும் விட்டு மற்றத் திசைகளில் தடுக்கும் கொலிமேட்டரோ இல்லாத 50 கியூரி சோர்ஸிலிருந்து மணிக்கு 10 மைக்ரோசீவர்ட் (0.01 மில்லிசீவர்ட்) என்ற அளவுக்கு இறங்க வேண்டுமானால், கணக்குப்படி 155 மீட்டர் விலக வேண்டும். பட்டறைகளில் அவ்வளவு இடம் கிடைக்காது. ஆகவேதான் டங்ஸ்டன் கொலிமேட்டர் தவிர்க்க முடியாததாகிறது. அது ஒரு திசையில் கதிரை நூறில் ஒரு பங்காக்கினால், அந்தத் திசையில் தேவைப்படும் தூரம் பத்தில் ஒரு பங்காகும். கொலிமேட்டர் கனமாக இருக்கிறது, ஏணியில் ஏற்றுவது தொல்லை என்று அதைத் தவிர்ப்பவர், தம் சிரமத்தை அடுத்த கூடாரத்தில் தூங்கும் தொழிலாளியின் உடலில் ஏற்றுகிறார்.

எல்லையைக் கயிறு கட்டி, மூவிதழ்ச் சின்னமும் உள்ளூர் மொழியில் எச்சரிக்கையும் எழுதிய பலகைகளைத் தொங்கவிட்டு, இரவில் சிவப்பு விளக்குகளை எரியவிட வேண்டும். தமிழ்நாட்டுத் தளங்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளமாக இருப்பதால் இந்தியிலும் எழுதிவைப்பது மிக அவசியம். எல்லையைப் பலகையோடு விட்டுவிடாமல், பார்வை எட்டாத பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் மறக்கக் கூடாது. கொதிகலன் கட்டமைப்பில் இரண்டு தளம் மேலே யாராவது கேபிள் இழுத்துக்கொண்டிருக்கலாம், இரும்பு வலைத்தளம் கதிரைத் தடுக்காது. முதல் படத்தின்போது எல்லையைச் சுற்றி மீட்டருடன் நடந்து, கணக்குச் சொன்னதும் மீட்டர் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே மற்றப் படங்களைத் தொடர வேண்டும்.

கிராங்க் சுற்றி முடித்தபின் அங்கேயே நிற்க வேண்டாம். கொலிமேட்டர் இல்லாமல் 10 மீட்டர் தூரத்தில் கிராங்க் இருந்தால், அங்கே பத்து நிமிடம் நிற்பவர் 0.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். ஆண்டுக்கு 20 என்ற அளவை ஐம்பது வாரங்களுக்குப் பங்கிட்டால் ஒரு வாரத்துக்கு வருவது அவ்வளவுதான். சுவருக்கோ தடித்த எஃகுக்கோ பின்னால் சென்றுவிடுங்கள். சோர்ஸ் பழையதாகப் பழையதாகப் படத்துக்கு எடுக்கும் நேரம் நீளும் என்பதையும், அதனால் ஒரு படத்துக்கான மொத்த அளவு குறைவதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

சோர்ஸ் உள்ளே வந்ததை உறுதிசெய்தல்

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ரேடியோகிராஃபியில் நேர்ந்த பெரும் விபத்துகள் பலவற்றில் திரும்பத் திரும்ப வரும் காரணம் ஒன்றே: கேபிள் திரும்பி வந்ததைப் பார்த்து, சோர்ஸும் திரும்பி வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டது.

1984இல் மொராக்கோவின் முகம்மதியா நகரில் மின்நிலையம் கட்டும் தளத்தில் இரிடியம்-192 சோர்ஸ் கழன்று தரையில் விழுந்தது. அதன்மேல் எந்த எச்சரிக்கையும் இல்லை. அவ்வழியே சென்ற ஒருவர் அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். எட்டுப் பேர் இறந்தார்கள். முதலில் விஷம் என்றே கருதப்பட்டது. 1999 பிப்ரவரியில் பெருவின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில், கிடந்த சோர்ஸை ஒரு வெல்டர் எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். அது 37 கியூரி. பல மணி நேரம் அதோடு வேலை பார்த்து வீட்டுக்கும் போனார். காணாமற்போனதை ரேடியோகிராஃபர்கள் உணர்ந்து இரவில் தேடி வந்தபோது காலம் கடந்துவிட்டது. அவருடைய வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. கழற்றிப் போட்ட அந்தக் கால்சட்டையின்மேல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கும் காயம் ஏற்பட்டது. இவ்விரு இடங்களிலும் துன்பப்பட்டவர் எவரும் ரேடியோகிராஃபர் அல்லர். பக்கத்தில் வேலை செய்தவரும் அவர் குடும்பமும்தான். மீட்டரை எடுத்துக்கொண்டு இருபது அடி நடக்க வேண்டியது நமக்காக மட்டுமல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இது. கிராங்க் இருக்குமிடத்திலேயே மீட்டர் ஓடிக்கொண்டிருக்கட்டும். சோர்ஸ் கேமராவை விட்டு வெளியேறும்போது அளவு திடீரென ஏறும், கொலிமேட்டருக்குள் போனதும் இறங்கும். திரும்ப இழுக்கும்போது மீண்டும் ஏறி, கேமராவின் கவசத்துக்குள் நுழைந்ததும் சட்டென்று விழும். இந்த ஏற்ற இறக்கம் பழகிவிட்டால் எதிலாவது மாறுபாடு இருந்தாலும் உடனே புலப்படும். நேரம் முடிந்ததும் இழுங்கள், தடை தெரியும்வரை இழுங்கள், கேமராவின் பூட்டுக்காட்டி நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பூட்டுக்காட்டியையும் நம்ப வேண்டாம். மீட்டரை முன்னே நீட்டிக்கொண்டு கேமராவை அதன் பின்பக்கத்திலிருந்து நெருங்கி, அதன் பின்புறம், பக்கங்கள், முன்முகம் ஆகியவற்றை வரிசையாக அளந்து காலையில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு கைடு டியூபின் வழியே மீட்டரை மெல்ல நகர்த்தி நுனிவரை செல்லுங்கள். கேமராவில் வழக்கமான அளவும் டியூபில் பின்னணி அளவும் இருந்தால்தான் சோர்ஸ் உள்ளே இருக்கிறது.

கேமராவில் காலையில் இருந்ததை விடக் குறைவாகக் காட்டினால் அதைக் கண்டு மகிழ வேண்டாம். சோர்ஸ் அங்கே இல்லை என்பதற்கான முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தபின்பே கேமராவைப் பூட்டிச் சாவியை எடுத்து, ஃபிலிமை மாற்றச் செல்ல வேண்டும். இதை ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் செய்ய வேண்டும். இரவில் நாற்பது இணைப்பு முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஐந்து படத்துக்கு ஒருமுறை அளப்பதும், அளக்காமலேயே குறிப்பேட்டில் ஒரே எண்ணை வரிசையாக எழுதிவிடுவதும் நடக்கின்றன. எல்லா வரியிலும் ஒரே எண் இருக்கும் குறிப்பேடு அளக்கப்படாத குறிப்பேடு என்பதை அனுபவமுள்ள எந்த ஆர்.எஸ்.ஓ.வும் கண்டுகொள்வார். கண்டுகொண்டு கையெழுத்திடுபவரும் அந்தத் தவறில் பங்காளிதான்.

சோர்ஸ் மாட்டிக்கொண்டால்

இழுத்தும் வரவில்லை, அல்லது மீட்டர் இறங்கவில்லை என்றால், முதலில் விலகுங்கள். டியூபைக் கையால் தட்டிப் பார்ப்பது, கேமராவைத் தூக்கி உலுக்குவது, நுனியைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்ப்பது ஆகியவை எக்காரணம் கொண்டும் கூடாதவை. மீட்டரைப் பார்த்து எல்லையை இன்னும் விரிவாக்கி, அதற்குள் எவரையும் விடாமல் காவல் நின்று, ஆர்.எஸ்.ஓ.வுக்கும் தளப் பொறுப்பாளருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். ஏ.இ.ஆர்.பி. எனப்படும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் உடனே தெரிவிக்கப்பட வேண்டும். அதற்கான எண்கள் தளத்தில் வைத்திருக்க வேண்டிய அவசரத் திட்டத்தில் இருக்கும். அந்தத் தாள் அலுவலக அலமாரியில் அல்ல, வண்டியிலேயே இருக்கட்டும்.

அவசரம் என்று தோன்றினாலும் அங்கே அவசரம் எதுவும் இல்லை. ஆள்கள் விலகி நிற்கும்வரை மாட்டிக்கொண்ட சோர்ஸ் எவருக்கும் தீங்கு செய்யாது. விடிந்தாலும் பரவாயில்லை, வேலை நின்றாலும் பரவாயில்லை. நீண்ட இடுக்கி, ஈயக்குண்டுப் பைகள், அவசரக் கவசப் பெட்டி ஆகியவற்றுடன், பயிற்சி பெற்றவர்கள், முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, ஒருவருக்கு எத்தனை விநாடி என்று கணக்கிட்டு மீட்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது காவல் நிற்பதும், நடந்ததை நேரத்தோடு எழுதிவைப்பதும்தான்.

யாராவது சோர்ஸைத் தொட்டிருக்கலாம் அல்லது எல்லைக்குள் இருந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலும் மறைக்காதீர்கள். பேட்ஜ்களை உடனடியாக அளவு படிக்க அனுப்ப வேண்டும். இரத்தத்திலுள்ள குரோமோசோம் மாற்றங்களைப் பார்த்து உடல் வாங்கிய அளவை மதிப்பிடும் சோதனையும் உண்டு. கையில் எங்காவது சிவப்போ எரிச்சலோ தோன்றினால் நாள்தோறும் படமெடுத்து வைத்து, மருத்துவரிடம் "நான் இரிடியம் சோர்ஸோடு வேலை செய்பவன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வெறும் தீப்புண்ணுக்கோ பூச்சிக்கடிக்கோ மருந்து கிடைக்கும். பொன்னான நாள்கள் வீணாகும்.

வைப்பறையும் வண்டியும்

கேமரா வேலையில் இல்லாத நேரமெல்லாம் அங்கீகரிக்கப்பட்ட வைப்பறையில், பூட்டிய நிலையில், பதிவேட்டில் எழுதப்பட்டு இருக்க வேண்டும். எடுத்தவர், எடுத்த நேரம், சோர்ஸின் எண், திரும்ப வைத்த நேரம், வைக்கும்போது மீட்டர் காட்டிய அளவு ஆகியவை பதிவேட்டில் இடம்பெற வேண்டும். விடுதி அறையின் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்வது, நள்ளிரவில் வேலை முடிந்த களைப்பில் வண்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்குவது ஆகியவை திருட்டுக்கு வழிவிடுகின்றன. திருடுபவருக்கு அது கனமான உலோகம் மட்டுமே. பிரேசிலின் கோயானியாவில் 1987இல் கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுக்கப்பட்ட சீசியம்-137 பழைய இரும்புக் கடைக்குப் போய் நான்கு பேரைக் கொன்றது; டெல்லியின் மாயாபுரியில் 2010 ஏப்ரலில் பல்கலைக்கழகத்தின் பழைய கருவி ஒன்றிலிருந்த கோபால்ட்-60 அதே வழியில் போய் ஓர் உயிரைப் பறித்தது.

பேருந்திலும் ரயிலிலும் ஆட்டோவிலும் கேமராவைக் கொண்டுசெல்லக் கூடாது. நிறுவனத்தின் வண்டியில், உரிய முத்திரைகளுடன், கட்டி நகராதபடி, ஓட்டுநரிடம் அவசரக் குறிப்புத்தாள் கொடுத்துக் கொண்டுசெல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2023 ஜனவரியில் 6 மில்லிமீட்டர் அகலமும் 8 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சீசியம் குப்பி லாரிப் பயணத்தில் ஓர் அளவீட்டுக் கருவியிலிருந்து கழன்று விழுந்து, ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் சாலையில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. புறப்படும்போது அளந்தது போலவே போய்ச் சேர்ந்தவுடனும் அளந்திருக்க வேண்டும் என்பதே அதில் நமக்குரிய செய்தி. வேறொரு தளத்துக்கு சோர்ஸை மாற்றுவதற்கு ஏ.இ.ஆர்.பி.யின் அனுமதி கிடைத்துவிட்டதா என்று புறப்படும் முன் கேளுங்கள். கேட்பது உங்கள் வேலை அல்ல என்று யாராவது சொன்னால், கேமராவோடு சாலையில் இருக்கப் போவது நீங்கள் என்று சொல்லுங்கள்.

பயன்பாடு முடிந்த சோர்ஸ் வழங்கியவரிடமே திரும்பச் சேர வேண்டும். அது மூலையில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் யாரோ அதன் கணக்கை மறந்துகொண்டே வருகிறார்கள்.

கர்ப்பம், மறுப்பு, கணக்கு

கர்ப்பமாக இருப்பதை அறிந்தவுடன் பெண் தொழிலாளி ஆர்.எஸ்.ஓ.வுக்கும் முதலாளிக்கும் தெரிவிக்க வேண்டும். அதன்பின் வயிற்றிலுள்ள குழந்தைக்குச் சேரும் அளவு, எஞ்சிய கர்ப்பகாலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி பணியை மாற்றித் தருவது நிறுவனத்தின் கடமை. தயங்கித் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அந்த ஏற்பாடு தள்ளிப்போகும்.

மீட்டர் இல்லாமல், கொலிமேட்டர் இல்லாமல், எல்லை கட்டாமல் எடு என்று சொன்னால் மறுக்க வேண்டும். மறுத்ததை எழுத்தில் வைக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் ஆர்.எஸ்.ஓ.வுக்கு அனுப்பும் ஒரு வரிகூட நேரமும் தேதியும் பதிந்த ஆவணம்தான். ஒப்பந்தத்தின் கீழ் ஒப்பந்தம் எடுத்துக் கடைசியில் வேலைக்கு வருபவருக்கு இது எளிதல்ல என்பதை நான் அறிவேன். ஆனால் அவர் மறுக்கும்போது அவர் பக்கம் நிற்க வேண்டியவர், அவருடன் அதே தளத்தில் அதே பேட்ஜ் அணிந்து நிற்கும் மூத்த ரேடியோகிராஃபர். அவர் வாய் திறந்தால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

உங்கள் கதிர்வீச்சு அளவுப் பதிவைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒவ்வொரு காலாண்டும் கேட்டுப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாகப் பூஜ்யமாக இருந்தாலும் கேளுங்கள், அதிகமாக இருந்தாலும் கேளுங்கள். பேட்ஜ் சேவையில் உங்களுக்குத் தரப்படும் தனிப்பட்ட எண் வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே. நிறுவனம் மாறும்போது பதிவின் நகலைப் பெற்றுக்கொண்டு, புதிய இடத்தில் சேரும் நாளிலேயே அந்த எண்ணைக் கொடுங்கள். புதியவர் போலப் புது எண்ணுக்கு விண்ணப்பித்துவிடலாம் என்று அங்கே சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஐந்தாண்டுக் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் அளவு அதில் வராது, அந்த ஆண்டில் உங்களுக்கு மிச்சமிருப்பது எவ்வளவு என்பது ஆர்.எஸ்.ஓ.வுக்கும் தெரியாமல் போகும்.